இரும்பு நுரையீரலும் இரண்டு விரல்களும்

இந்த இதழில் நான் அறிமுகப்படுத்த வந்திருப்பவர் ஒரு சாமியார் இல்லை, விஞ்ஞானி இல்லை, விளையாட்டு வீரரும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதையும் அசைக்க முடியாத ஒரு மனிதர். பெயர் எட் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1939 ஜனவரி 23-ஆம் தேதி பிறந்தார். 1995-இல் இறந்தார். இன்று உலகத்தின் பல நகரங்களில் நடைபாதை ஓரம் சரிவாக இறங்குகிறதே, சக்கர நாற்காலியில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் வாங்குகிறாரே, அதற்குப் பின்னால் நின்ற முக்கியமான சிலரில் இவரும் ஒருவர்.

இவர் கதையை நான் எழுத நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. உடல் குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால், அல்லது நோயால் அப்படி ஆனால், நம்மவர்கள் வாயில் முதலில் வருகிற வார்த்தை என்ன? கர்மா. போன ஜென்மத்துப் பாவம். அதற்கு அப்புறம் யாரும் அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. எட் ராபர்ட்ஸின் வாழ்க்கை முழுக்கப் படிப்புக்காக நடந்த சண்டைதான். அதனால்தான் அது நமக்கும் வேண்டிய கதை.

பதினான்கு வயதில் நின்றுபோன உடம்பு

எட்டின் அப்பா வெர்ன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா சோனா வீட்டையும் நான்கு மகன்களையும் பார்த்துக்கொண்டவர். மூத்தவன் எட். படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை, விளையாட்டுதான் உயிர். சாதாரணப் பையன்.

1953-ஆம் ஆண்டு, பதினான்காவது வயதில், அவனைப் போலியோ தாக்கியது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெற்றோருக்கு இருந்த மிகப் பெரிய பயம் அது. 1952-இல் மட்டும் அந்த நாட்டில் சுமார் 58,000 பேருக்குப் போலியோ வந்தது. கோடைக்காலம் வந்தால் நீச்சல் குளங்களை மூடுவார்கள், பிள்ளைகளைச் சினிமாவுக்கு விட மாட்டார்கள். ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரலில். எட்டுக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.

போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு அணுக்களை அழிக்கிறது. தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். ஈ உட்கார்ந்தால் தெரியும், ஆனால் விரட்ட முடியாது. எட்டுக்கு ஒரு கையில் இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் மட்டுமே அசைந்தன. மூச்சு விடும் தசைகளும் போய்விட்டன. அதனால் அவனை இரும்பு நுரையீரலுக்குள் வைத்தார்கள்.

இரும்பு நுரையீரல் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆள் படுக்கிற நீளத்துக்கு ஓர் உலோக உருளை. தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றிக் காற்று புகாத ரப்பர் வளையம். உருளையின் ஒரு முனையில் துருத்தி மாதிரி ஒரு பகுதியை மோட்டார் இழுத்து இழுத்து விடும். இழுக்கும்போது உருளைக்குள் காற்றழுத்தம் குறையும், மார்பு விரியும், வாய் வழியாகக் காற்று தானாக உள்ளே போகும். விடும்போது அழுத்தம் கூடும், மார்பு அமுங்கும், காற்று வெளியே வரும். நாம் மூச்சு விடும்போது நம் உதரவிதானம் செய்கிற அதே வேலைதான். 1928-இல் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் இதை உருவாக்கினார்கள். மின்சாரம் போனால் கையால் இழுத்து இயக்கவும் வழி இருந்தது. எட்டின் இயந்திரம் 800 பவுண்டு, அதாவது 360 கிலோவுக்கு மேல் எடை. இந்த எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மருத்துவமனையில் ஒரு டாக்டர் சோனாவிடம், பையன் பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்க ஒரு காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்ற அர்த்தத்தில் சொன்னார். அது எட்டின் காதில் விழுந்தது. அவன் சாக முடிவெடுத்தான். கையையும் காலையும் அசைக்க முடியாதவன் எப்படிச் சாவது? சாப்பிடாமல் இருக்கலாம். அதைத்தான் செய்தான். எலும்பும் தோலுமாக ஆனான். நர்ஸுகளை வைத்து வற்புறுத்தி ஊட்டினார்கள். கடைசியாக இருந்த நர்ஸும் போன பிறகு, இனிச் சாப்பிடுவதா வேண்டாமா என்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அன்றைக்கு அவன் சாப்பிட ஆரம்பித்தான். யாரும் கட்டாயப்படுத்தாதபோது வாழ்வதைத் தேர்ந்தெடுத்தான்.

பல வருஷம் கழித்து இதைச் சொல்லிச் சிரிப்பாராம். காய்கறிதான் என்றால் நான் ஆர்ட்டிசோக் ஆக இருக்கிறேன் என்பார். அது கலிபோர்னியாவில் விளைகிற ஒரு காய். வெளியே குத்தும், உள்ளே மெத்தென்று இருக்கும். நம்ம ஊரில் பிறந்திருந்தால் டுரியான் என்று சொல்லியிருப்பார்.

தொலைபேசியில் நடந்த பள்ளிக்கூடம்

பதினெட்டு மாதம் மருத்துவமனைகளில் இருந்துவிட்டு எட் வீடு திரும்பினான். இப்போது படிப்பு என்ன ஆவது?

அந்தக் காலத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். உடல் குறை உள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளி ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் எதுவும் அப்போது கிடையாது. சில பெரிய நகரங்களில் அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. அங்கே சாய்தளம் இருக்கும், மின்தூக்கி இருக்கும், பாடத்தோடு உடற்பயிற்சிச் சிகிச்சையும் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அண்ணன் தம்பி ஒரு பள்ளிக்கும் இந்தப் பிள்ளை வேறொரு பள்ளிக்கும் போக வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பழக்கமே இருக்காது. இன்னும் பல இடங்களில் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம் வந்து போவார். அதுவும் இல்லாத இடங்களில் ஒன்றுமே இல்லை.

நியூயார்க்கில் ஜூடி ஹியூமன் என்ற சிறுமிக்கு நடந்ததைப் பாருங்கள். அவருக்கும் போலியோ. பாலர் பள்ளியில் சேர்க்க அம்மா சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். நெருப்புப் பிடித்தால் இந்த நாற்காலி ஆபத்து என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வீட்டுக்கு ஆசிரியர் வந்தார். ஒன்பது வயதில்தான் ஒரு பள்ளியில் சேர முடிந்தது. அதுவும் சிறப்பு வகுப்பு. மேலே மற்ற மாணவர்கள், கீழே நிலவறையில் இவர்கள். ஒரு கட்டடத்துக்குள்ளேயே இரண்டு உலகம். இந்த ஜூடி பின்னால் நம் கதையில் வருவார்.

எட்டுக்குக் கிடைத்தது தொலைபேசி. வீட்டுக்கும் வகுப்பறைக்கும் தொலைபேசி இணைப்புக் கொடுத்தார்கள். ஆசிரியர் பேசுவதை அவன் படுத்தபடி கேட்பான், கேள்விக்குப் பதிலும் சொல்வான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நாம் எல்லாரும் வீட்டிலிருந்தே படித்தோம் இல்லையா? முகம் தெரியாத வகுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நமக்குத் திரையாவது இருந்தது. அவனுக்குக் குரல் மட்டும்தான். ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஓடி ஆடித் திரிந்தபோது ஒட்டாத படிப்பு, இப்போது ஒட்டிக்கொண்டது. தனக்கு மிச்சம் இருப்பது மூளைதான், அதைத் தீட்டாமல் விட்டால் வேறு கதியில்லை என்று புரிந்துகொண்டான்.

சோனாவுக்கு இது போதவில்லை. மகன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதை அவர் பார்த்தார். வாரத்துக்கு ஒரு தடவையாவது சில மணி நேரம் பள்ளிக்குப் போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எட்டுக்கு உயிர் நடுங்கியது. எல்லாரும் உற்றுப் பார்ப்பார்களே என்ற பயம். பயந்தபடியே நடந்தது. பள்ளிக்குப் போய் இறங்கியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு இருந்தபோது அவனுக்குள் ஏதோ மாறியது. பார்க்கிறார்கள், அவ்வளவுதானே, வலிக்கவில்லையே. சினிமா நட்சத்திரத்தையும் எல்லாரும் இப்படித்தானே பார்க்கிறார்கள். அன்று முதல் தன்னை முடவனாக நினைப்பதை விட்டு நட்சத்திரமாக நினைக்க ஆரம்பித்தான். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாமே இந்த இடத்தில்தான் தொடங்கியது.

கார் ஓட்டத் தெரியாதவனுக்குச் சான்றிதழ் கிடையாது

இடைநிலைப்பள்ளி முடியும் நேரம். பாடங்களில் தேறிவிட்டான். பள்ளி நிர்வாகம் ஒரு குறை கண்டுபிடித்தது. சான்றிதழ் வாங்க உடற்கல்வியும் கார் ஓட்டும் பயிற்சியும் கட்டாயம், இவன் இரண்டையும் முடிக்கவில்லை, ஆகவே சான்றிதழ் தர முடியாது என்றார்கள். நினைத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே அசையாத பையன், கார் ஓட்டிப் பழகவில்லை என்று தடை.

சட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் சட்டம் எழுதும்போது இப்படி ஒரு மாணவன் இருப்பான் என்று யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் யோசிக்காமல் விடுவதும் ஒருவனின் வாழ்க்கையைத் தடுத்துவிடும். சோனா விடவில்லை. பள்ளி அதிகாரிகளிடம் போனார், அதற்கு மேலே இருந்தவர்களிடமும் போனார். அம்மாவும் மகனும் சேர்ந்து முறையிட்டார்கள். கடைசியில் சான்றிதழ் கிடைத்தது. எங்கே, எப்படி, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று எட் பிற்காலத்தில் எப்போதும் சொல்லி வந்தார்.

அடுத்து சான் மத்தேயோ கல்லூரி. அங்கே ஜீன் விர்த் என்ற ஆலோசகர் அவருக்குப் பெரிய துணையாக இருந்தார். அரசியல் அறிவியல் படிக்க வேண்டும், அதற்கு பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்தான் சரி என்று முடிவானது. படிப்புச் செலவுக்கு மாநில அரசின் மறுவாழ்வுத் துறையைக் கேட்டார்கள். அந்தத் துறையின் வேலையே உடல் குறை உள்ளவர்கள் வேலைக்குப் போக உதவி செய்வதுதான். ஆனால் இவ்வளவு மோசமான உடம்பை வைத்துக்கொண்டு இவர் எந்தக் காலத்திலும் வேலை செய்யப் போவதில்லை, பணம் வீண் என்று கைவிரித்துவிட்டார்கள். எட்டும் அவருக்கு வேண்டியவர்களும் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டு போனார்கள். செய்தி வெளியானது. துறை இறங்கி வந்து பணம் கொடுத்தது.

மருத்துவமனையில் ஒரு மாணவர் விடுதி

பணம் கிடைத்தால் போதுமா? பல்கலைக்கழகத்தில் ஓர் அதிகாரி, முடவர்களை முன்பே சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்று பேசினார். விடுதிப் பிரச்சினை வேறு. முன்பு சொன்னேனே, 360 கிலோ. எந்த விடுதி அறையும் அந்த இயந்திரத்துக்கு ஏற்றதாக இல்லை. அப்போது மாணவர் சுகாதாரப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹென்றி புரூயின் ஒரு வழி சொன்னார். வளாகத்துக்குள் இருந்த கோவெல் மருத்துவமனையில் ஒரு பகுதி காலியாக இருந்தது, அங்கே தங்கட்டும் என்றார்.

எட் ஒரு நிபந்தனை போட்டார். அந்த இடத்தை மருத்துவமனை வார்டாக நடத்தக் கூடாது, மாணவர் விடுதியாகத்தான் நடத்த வேண்டும். காரணம் தெளிவு. வார்டு என்றால் எப்போது தூங்குவது, யார் வந்து பார்ப்பது எல்லாமே நர்ஸ் கையில். விடுதி என்றால் அது மாணவனின் வீடு. தான் நோயாளி இல்லை, படிக்க வந்தவன் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1962-இல் சேர்ந்தார். தம்பி ரான் கூட இருந்து உதவினார். இரவில் இரும்பு நுரையீரல். பகலில் தவளை மூச்சு. அதாவது, தொண்டைத் தசைகளால் காற்றை வாய் வாயாக விழுங்கி நுரையீரலுக்குள் தள்ளுவது. நாம் யோசிக்காமல் செய்கிற மூச்சை, அவர் ஒவ்வொரு வாயாக உழைத்துச் சம்பாதித்தார். அப்படியே வகுப்புக்கும் போனார்.

1964-இல் இளங்கலை, 1966-இல் முதுகலை. முனைவர் பட்ட ஆய்வும் தொடங்கினார், ஆனால் முடிக்கவில்லை. அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

ஒருவர் உள்ளே போனதும் கதவு திறந்தது. அடுத்த வருஷமே ஜான் ஹெஸ்லர் என்பவர் கோவெலுக்கு வந்து சேர்ந்தார். பிறகு மேலும் பலர். தங்களுக்கு உருளும் குவாட்கள் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். கையும் காலும் செயலிழந்தவர்களை ஆங்கிலத்தில் சுருக்கமாகக் குவாட் என்பார்கள், அதில் வந்த கிண்டல் பெயர். இரவெல்லாம் அரட்டை, விவாதம், திட்டம். வியட்நாம் போருக்கு எதிராகவும் கறுப்பினத்தவர் உரிமைக்காகவும் மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. நமக்கும் இது உரிமைப் பிரச்சினைதானே, ஏன் மருத்துவப் பிரச்சினையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று இவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களில் இருவரை மறுவாழ்வுத் துறை ஆலோசகர் ஒருவர் வெளியேற்றப் பார்த்தபோது எல்லாரும் ஒன்றாக எதிர்த்தார்கள். கடைசியில் மாற்றலாகிப் போனவர் அந்த ஆலோசகர்தான்.

திருப்பி வைத்த ஒரு பெட்டி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எட்டால் மின்சக்கர நாற்காலியை ஓட்டவே முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய இரண்டு விரல்களுக்கும் இழுக்கும் பலம் இருந்தது, தள்ளும் பலம் இல்லை. முன்னே போக வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னே தள்ள வேண்டுமே. அதனால் எங்கே போனாலும் பின்னால் ஓர் ஆள் தள்ள வேண்டியிருந்தது. பிறகு அவருக்குக் காதல் வந்தது. காதலியோடு பேசும்போதும் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

தீர்வு ரொம்ப எளிது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். இப்போது இழுத்தால் நாற்காலி முன்னே போகும். அவ்வளவுதான்! புதுக் கண்டுபிடிப்பு இல்லை, பெரிய செலவு இல்லை. இத்தனை வருஷம் அவர் விரலில் இருப்பதாக நினைத்த குறை, பெட்டி பொருத்தப்பட்ட திசையில் இருந்தது. பொறியியல் வகுப்பில் பயனருக்கு ஏற்ற வடிவமைப்பு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். எனக்கு அதன் அர்த்தம் இந்த ஒரு சம்பவத்தில்தான் விளங்கியது.

இதே யோசனையை அவரும் நண்பர்களும் ஊருக்கே பொருத்தினார்கள். தெருவைக் கடக்க முடியவில்லை என்றால் குறை காலில் இல்லை, நடைபாதை ஓரத்தின் உயரத்தில் இருக்கிறது. அதைச் சரிவாக வெட்டுங்கள் என்று பெர்க்லி நகராட்சியிடம் கேட்டுச் செய்ய வைத்தார்கள். அந்தச் சரிவு யாருக்கெல்லாம் உதவுகிறது பாருங்கள். குழந்தை வண்டி தள்ளும் தாய், சாமான் வண்டி இழுக்கும் தொழிலாளி, முட்டி வலிக்காரப் பாட்டி, எல்லாருக்கும்.

உடல் குறை உள்ள மாணவர்களுக்கான உதவித் திட்டம் ஒன்றை, அந்த மாணவர்களே நடத்தும் வகையில், 1970-இல் பெர்க்லியில் தொடங்கினார்கள். அதற்கான நிதிக்கு வழி தேடி எட் விமானத்தில் பறந்து வாஷிங்டனுக்கே போய் வந்திருந்தார். விமானத்தில் இரும்பு நுரையீரலா கொண்டு போக முடியும்? வழியெல்லாம் தவளை மூச்சுதான். 1972-இல் ஊர் மக்களுக்காகச் சுதந்திர வாழ்வு மையம் தொடங்கப்பட்டது. சில காலத்தில் எட் அதன் தலைமைக்கு வந்தார். உதவியாளர் ஏற்பாடு, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது, வீடு தேடித் தருவது, எல்லாம் அங்கேயே நடந்தது. இன்று அமெரிக்காவில் இப்படி நூற்றுக்கணக்கான மையங்கள் இருக்கின்றன.

சுதந்திரம் என்ற சொல்லுக்கு எட் கொடுத்த அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்வது சுதந்திரம் என்றால் அவருக்கு அது கிடைத்திருக்கவே முடியாது. அவருக்குச் சட்டை போட்டுவிட ஆள் வேண்டும், சோறு ஊட்ட ஆள் வேண்டும். ஆனால் எந்தச் சட்டை, எப்போது சாப்பாடு, யார் உதவியாளர் என்பதை அவர் முடிவு செய்வார். முடிவு தன்னிடம் இருந்தால், கை யாருடையதாக இருந்தால் என்ன? இதுதான் அவர் கொள்கை.

தள்ளிவிட்ட துறைக்கே தலைவர்

1975-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மாநில மறுவாழ்வுத் துறைக்கு ஒரு புதிய இயக்குநரை நியமித்தார். எட் ராபர்ட்ஸ்! ஆமாம், இவர் ஒருநாளும் வேலை செய்ய மாட்டார் என்று எழுதிக் கொடுத்த அதே துறை. 1983 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அதே 1975-இல் அமெரிக்காவில் உடல் குறை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற சட்டம் வந்தது. பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு இலவசமாக, ஏற்ற வகையில், முடிந்த அளவு மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கல்வி தர வேண்டும் என்று ஆனது. நெருப்பு ஆபத்து என்று யாரையும் வாசலில் திருப்பி அனுப்ப இனி முடியாது.

1973-இல் வந்த இன்னொரு சட்டத்தின் 504-ஆம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் உடல் குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அதற்கான விதிமுறைகளில் கையெழுத்துப் போடாமல் அரசாங்கம் வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. 1977 ஏப்ரல் 5-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் சுமார் 150 பேர் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அந்த நிலவறை வகுப்புச் சிறுமி ஜூடி ஹியூமன். படுக்கை இல்லை, மருந்து இல்லை, உதவியாளர் போதவில்லை. மூன்று வாரத்துக்கும் மேலாக இருந்தார்கள். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் தினமும் சமைத்த உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். மாநில அரசின் உயர் அதிகாரியாக இருந்துகொண்டே எட் அங்கே போய் அவர்கள் பக்கம் நின்று பேசினார். ஏப்ரல் 28-ஆம் தேதி கையெழுத்து விழுந்தது.

எட் 1976-இல் திருமணம் செய்தார். ஒரு மகன் பிறந்தான். 1983-இல் ஜூடியோடும் ஜோன் லியனோடும் சேர்ந்து உலக ஊனமுற்றோர் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1984-இல் மெக்கார்தர் விருது கிடைத்தது. பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1995 மார்ச் 14-ஆம் தேதி, 56-ஆவது வயதில் காலமானார். அவருடைய சக்கர நாற்காலி இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்க்லியில் ஒரு ரயில் நிலையத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு வளாகம் 2010-இல் திறக்கப்பட்டது. அதன் நடுவில் மாடிக்குப் போக, சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஏறும் பெரிய சாய்தளம்.

அஷ்டாவக்கிரரும் நம் கோயில் படியும்

நம் சமயத்தில் இப்படிப்பட்ட ஒருவர் கதை இல்லையா? இருக்கிறது. அஷ்டாவக்கிரர். உடம்பு எட்டு இடத்தில் கோணிப் பிறந்தவர். சிறு வயதிலேயே ஜனகர் சபைக்கு வாதம் செய்யப் போனார். வாசலிலேயே காவலன் தடுத்தான். அங்கேயே வாதாடி உள்ளே போனார். சபையில் இருந்தவர்கள் அவர் உடம்பைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். கடைசியில் அந்தச் சபையின் பெரிய பண்டிதரை அவர் தோற்கடித்தார். அவர் கோணல் போன ஜென்மத்துப் பாவம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. கருவில் இருந்தபோதே அப்பா வேதம் ஓதியதில் தவறு கண்டதால் வந்த சாபம் என்றுதான் சொல்கிறது. அதாவது அறிவு அதிகமாக இருந்ததால் வந்தது!

கர்மா என்றால் செயல். பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்க முடியாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் கர்மாவைப் பற்றிப் பேசுகிறோம். அவனைப் பார்த்த பிறகு நாம் என்ன செய்தோம் என்பது நம் கர்மா இல்லையா?

நம் நாட்டில் 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் வந்தது. அரசாங்கம் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் நடத்துகிற இடங்களைப் பார்ப்போம். பத்துமலையில் 272 படி, அது மலை, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லலாம். நம் வட்டாரக் கோயில் மண்டபத்தில் மூன்றே மூன்று படி இருக்குமே, அதற்கு என்ன சொல்வது? யாராவது சக்கர நாற்காலியில் வந்தால் நான்கு இளைஞர்கள் ஓடிப் போய்த் தூக்குகிறோம். நல்ல மனசுதான், புண்ணியமும்தான். ஆனால் தூக்கப்படுகிறவர் நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சாமி கும்பிட வர வேண்டும். சாய்தளம் இருந்தால் அவர் விரும்பிய நேரத்துக்கு வருவார். விரும்பிய நேரத்துக்குப் போவார். எட் கேட்டதும் அதைத்தான்.

அதனால் நம் இயக்கத்துக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சமய வகுப்பு நடக்கும் இடத்து வாசற்படியின் உயரத்தை அளங்கள். சாய்தளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி வேண்டும். இடம் நேராக இல்லையென்றால் மடக்கிக் கட்டலாம். கழிவறைக் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். கணக்கைக் கோயில் நிர்வாகத்திடம் கொண்டு போங்கள். முதல் தடவை பார்க்கலாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் போங்கள்.

அதோடு, உங்கள் வட்டாரத்தில் வகுப்புக்கு வராமல் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை யார் என்று விசாரியுங்கள். கண்டிப்பாக ஒருவராவது இருப்பார். அந்த வீட்டுக்குப் போனால் அனுதாபம் பேச வேண்டாம். தம்பிக்கு எந்தப் பாடம் பிடிக்கும், வகுப்புக்கு எப்படி வருவது வசதி என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். பதிலை அவன் சொல்லட்டும். வழியை நாம் கட்டுவோம்.